பத்தாவது ரொட்டித் துண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு சிற்றிதழின் நகைச்சுவைச் சிறப்பிதழுக்காக யூதக் குடும்பம் ஒன்றை வைத்துச் சிறுகதை எழுதியிருக்கிறேன். இணைத்துள்ளேன். எருசலேமில் 2025ஆம் ஆண்டு யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில் நடக்கும் கதை. பாட்டிக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். பண்டிகை சனிக்கிழமை மாலை தொடங்குகிறது. எனவே முந்தின நாள் இரவு குடும்பமே மெழுகுவர்த்தி ஏந்தி மூலைமுடுக்கெல்லாம் தூசி தேடுகிறது. பாட்டி எல்லாரையும் திட்டித் தீர்க்கிறாள். படித்த நண்பர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்று கேள்விகள். யூத நகைச்சுவை என்றாலே ஏன் அம்மாவைக் கிண்டல் செய்கிறார்கள்? துன்பப்பட்ட இனம் என்பதால்தான் அவர்களுக்கு இத்தனை சிரிப்பு வாய்த்தது என்கிறார்களே, உண்மையா? இது பற்றி முதலில் எந்தப் புத்தகத்தைப் படிப்பது?

அன்புடன்,
க., திருச்சி

அன்புள்ள க.,

கதையைப் படித்தேன். நடை ஓடுகிறது. பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் இடத்தில் அவள்மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் தெரிகிறது. அதை எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள். ஆனால் நண்பர்கள் சிரிக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டு நகைச்சுவை எழுதுகிறவர்கள் விவரத்தில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று எழுத நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கதை வசமாக வந்து மாட்டியது.

முதல் இரண்டு கேள்விகளை ஒதுக்கிவிடுகிறேன். அம்மா கிண்டல் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலை விடுதிகளில் மேடையேறியவர்களும், பின்னால் தொலைக்காட்சியும் ஊதிப் பெருக்கியது. மூன்று வரித் துணுக்குக்குத் தாங்கும், கதைக்குத் தாங்காது. துன்பத்திலிருந்துதான் சிரிப்பு பிறந்தது என்பது முன்னுரை எழுதுகிறவர்களுக்கு வசதியான வாக்கியம். துன்பப்பட்ட எல்லா இனத்துக்கும் எலியும் ரொட்டியும் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று வாய்த்துவிடவில்லையே! எலிக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது தூசி. பஸ்காவுக்கு முன் யூத வீட்டில் தூசியை யார் தேடச் சொன்னார்கள்? தேடுவது ஹமேட்ஸை, அதாவது புளித்த மாவை. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்றின் மாவில் தண்ணீர் பட்டு, பிசையாமல் வேகாமல் 18 நிமிடம் கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், பீர், விஸ்கி எல்லாம் இதில் வந்துவிடும். இஸ்ரேலில் ஏழு நாள், வெளியே எட்டு நாள் இவற்றைத் தின்னக் கூடாது. தின்னாமல் இருந்தால் மட்டும் போதாது, சொந்தமாக வைத்திருக்கவும் கூடாது. தூசியை எத்தனை கூடை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். "தூசி ஹமேட்ஸ் இல்லை, பிள்ளைகள் பஸ்கா பலியும் இல்லை" என்று இஸ்ரேலில் ஒரு வழக்கே உண்டு. திரைச்சீலை துவைத்து, ஜன்னல் தேய்த்து, வீட்டாரை வறுத்தெடுத்து, கடைசியில் பண்டிகை மேசையிலேயே தூங்கி விழுகிறவர்களைப் பார்த்துச் சொல்வது.

தூசியைத் துரத்துகிற பாட்டி எந்த ஊரிலும் உண்டு. பிஸ்கட் துணுக்கைத் துரத்தினால்தான் அவள் உங்கள் கதைக்கு உதவுவாள். துணுக்கு எங்கெல்லாம் இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்: பேரனின் கோட்டுப் பை, பள்ளிக்கூடப் பை, குழந்தையின் தள்ளுவண்டி மடிப்பு, காரின் பின் இருக்கை, கணினி விசைப்பலகை, சாப்பிட்டுக்கொண்டே வாசித்த புத்தகங்களின் நடுத்தையல். படுக்கையறையில் ஆரம்பித்து சமையலறையில் முடிப்பாள். முடித்த அறைக்குள் ஒருவன் கேக்கோடு நுழைவான். சண்டை அங்கே வர வேண்டும். உங்கள் கதையில் அவள் காரணமே இல்லாமல் கத்துகிறாள். கத்துவதற்குச் சட்டம் அவளுக்கு அத்தனை நல்ல காரணங்களை அள்ளிக் கொடுத்திருக்கிறதே, ஒன்றையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா?

டோஸ்டரைத் துடைக்க அவள் மெனக்கெட மாட்டாள். அதைத் துடைத்து மாளாது. அலமாரிக்குள் தள்ளி, கதவில் ஒட்டுநாடா ஒட்டி, உள்ளே இருக்கும் விஸ்கியையும் மாவையும் விற்றுவிடுவாள். ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அவர் எல்லார் வீட்டு ஹமேட்ஸையும் சேர்த்து யூதரல்லாத ஒருவருக்கு விற்பார். அலமாரி இருக்கும் இடம் அவருக்கு வாடகைக்கு. வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பார், பண்டிகை முடிந்ததும் எல்லாம் திரும்ப வாங்கப்படும். இஸ்ரேல் அரசே தன் கையிருப்பை இப்படித்தான் விற்கிறது. எருசலேமுக்குப் பக்கத்தில் அபு கோஷ் ஊரைச் சேர்ந்த முஸ்லிம் ஓட்டல்காரர் ஒருவர் பல ஆண்டுகள் அதை வாங்கியிருக்கிறார். விற்பனை நிஜமானது என்பதுதான் இதில் ருசி. வாங்கியவர் பண்டிகை நடுவில் கதவைத் தட்டி, "என் விஸ்கி எங்கே?" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். உங்கள் கதையில் தாத்தா சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை அந்த அலமாரிக்கு எதிரே உட்கார வையுங்கள்.

இனி தேடல். இருட்டியதும் ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, பேச்சுக் கொடுக்காமல் தேடத் தொடங்க வேண்டும். ஒற்றைத் திரி மெழுகுவர்த்தி, துடைத்துச் சேர்க்க ஓர் இறகு, அள்ளுவதற்கு ஒரு மரக்கரண்டி. மெழுகுவர்த்தியோடு திரைச்சீலைப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று தெரியுமாகையால் இன்று பலர் டார்ச் விளக்குக்கு மாறிவிட்டார்கள். இங்கே ஒரு சிக்கல். வாரக்கணக்கில் சுத்தம் செய்த வீட்டில் ஒன்றுமே அகப்படாவிட்டால் சொன்ன ஆசீர்வாதம் வீணாகிவிடும் என்று ஒரு பயம். அதனால் வீட்டாரே முன்கூட்டி பத்து ரொட்டித் துண்டுகளை ஒளித்துவைப்பது பல குடும்பங்களில் வழக்கம். ஒவ்வொன்றும் ஓர் ஆலிவ் காயைவிடச் சிறியதாக, உதிராமல் காகிதத்தில் சுற்றி. யோசித்துப் பாருங்கள்: ரொட்டியே இல்லாமல் ஆக்கிய வீட்டுக்குள் சட்டத்துக்கு மரியாதையாக ரொட்டியைக் கொண்டுபோய் ஒளிக்கிறார்கள், ஒளிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறார்கள், அப்புறம் ஒன்பது கிடைக்கிறது.

பத்தாவது எங்கே? தவறு நடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒளித்த இடங்களை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். விவரமான வீட்டில் சீட்டு ஒன்று இருக்கும். சீட்டும் தொலைந்தால் மறுபடி தேட வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் மறுநாள் காலை சொல்லும் அறிக்கைதான் கதி. "என் வசமுள்ள ஹமேட்ஸ் எல்லாம், பார்த்ததும் பார்க்காததும், மண்ணின் தூசியைப் போல ஒன்றுமில்லாததாகவும் உரிமையற்றதாகவும் ஆகட்டும்" என்கிற பொருளில் வரும். சாதாரண ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று அது எபிரேயத்தில் இல்லாமல் அரமேயத்தில் எழுதப்பட்டது. வீட்டு நாய் தின்றிருந்தால் ஒரு கவலையும் இல்லை. துண்டு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் நாய்தான் தின்றது என்று யார் சாட்சி?

இந்த மாதிரிக் கேள்வியை நான் கற்பனை செய்து சொல்வதாக நினைக்க வேண்டாம். யூதச் சட்டத்தின் பழந்தொகுப்பான மிஷ்னாவில், பஸ்காவைப் பற்றிய பெசாகிம் பகுதியின் முதல் அதிகாரமே இதை எடுக்கிறது. சோதித்து முடித்த வீட்டுக்குள் கீரி மாதிரியான ஒரு பிராணி பக்கத்து வீட்டிலிருந்து ரொட்டியை இழுத்து வந்திருக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. அப்படிப் பயந்தால் முற்றத்துக்கு முற்றம், ஊருக்கு ஊர் பயப்பட வேண்டிவரும், அதற்கு முடிவே கிடையாது என்கிறது. நியாயமான தீர்ப்பு. அதோடு விட்டார்களா? மிஷ்னாவை அலசி விவாதிக்கும் தால்முட் விடவில்லை. ஓர் எலி ரொட்டியோடு வீட்டுக்குள் போகிறது, ஓர் எலி ரொட்டியோடு வெளியே வருகிறது: அதே எலி, அதே ரொட்டி என்று நிம்மதியாக இருக்கலாமா? போனது வெள்ளை எலி, வந்தது கறுப்பு எலி என்றால்? போனது எலி, ரொட்டியோடு வந்தது அந்தப் பிராணி என்றால்? அதன் வாயில் எலியும் ரொட்டியும் சேர்ந்தே இருந்தால்? எலியிடமிருந்த ரொட்டி என்றால் எலியின் வாயில் ரொட்டியும் அதன் வாயில் எலியுமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை, பயத்தில் எலி ரொட்டியைக் கீழே போட்டிருக்குமோ? விடை சொல்லாமல், நிலுவை என்று முத்திரை குத்தி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. உங்கள் கதை மாந்தர்கள் ஒவ்வொரு பத்தியிலும் தங்கள் நகைச்சுவைக்குத் தாங்களே சிரிக்கிறார்கள். அத்தனை சிரிப்பையும் அடித்துவிடுங்கள். புத்தகம் கேட்டிருந்தீர்கள் இல்லையா, இந்த அதிகாரத்திலேயே ஆரம்பியுங்கள்.

விருந்துக் காட்சி பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்ததும் எல்லாரும் கோழிக்காலைக் கடிக்கிறார்கள். பஸ்கா இரவுச் சடங்கு 15 படிகள், சாப்பாடு வருவது 11ஆவதாக. அதற்கு முன் கையில் கிடைப்பது உப்புநீரில் முக்கியெடுத்த துளிக் கீரை, அப்புறம் மணிக்கணக்கில் வாசிப்பு, புளிப்பில்லா அப்பம், கண்ணீர் வரவழைக்கும் கசப்புக்கீரை. பசித்த மாமா வாசிப்பில் பக்கங்களைத் தாவப் பார்ப்பார், பேத்தி பிடித்துவிடுவாள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

இனி மெழுகுவர்த்தி. இங்கேதான் கோட்டை விட்டீர்கள், இங்கேதான் எனக்குக் கோபமும் வந்தது. வழக்கமாகத் தேடல் பண்டிகைக்கு முந்தின இரவுதான். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த வருடம் 2025. பஸ்காவுக்கு முந்தின நாளான, யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் நாள் சனிக்கிழமையில், ஏப்ரல் 12 அன்று விழுந்தது. முந்தின இரவு வெள்ளி. வெள்ளி அஸ்தமனத்துக்கு ஓய்வுநாள் பிறந்துவிடுகிறது. தீ மூட்டக் கூடாது, எரிகிற மெழுகுவர்த்தியை நகர்த்தவும் கூடாது. உங்கள் பக்திமிக்க பாட்டி பேரப்பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சுடரைக் கொடுத்து அனுப்புகிறாள்! காலண்டரைப் புரட்டக் கூடவா சோம்பல்? அந்த வருடம் தேடல் வியாழன் இரவு, அகப்பட்ட ஹமேட்ஸை எரிப்பது வெள்ளி காலை.

உங்கள் பிழையைத் திருத்தினால் இந்த விஷயத்திலேயே சிறந்த வேடிக்கை கிடைக்கிறது. ஓய்வுநாள் வேளைக்கு மேசையில் இரண்டு முழு ரொட்டி வேண்டும். பஸ்காவுக்கு முந்தின பகலில் புளிப்பில்லா அப்பம் தின்ன விதியில்லை, ஆக புளித்த ரொட்டிதான். வீடோ ஏற்கெனவே சுத்தம், பாத்திரம் மாற்றியாகிவிட்டது. என்ன செய்வார்கள்? அதிகம் உதிராத சிறு பீட்டா ரொட்டி வாங்கி, ஆளுக்கு ஒரு முட்டையளவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கணக்குப் பண்ணி வைப்பார்கள். சனிக்கிழமை ஜெபத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்து ஓடி வருவார்கள். பால்கனியில் காகிதம் விரித்து, எச்சரிக்கையாகத் தின்று, வாய் கொப்பளித்து, உடையை உதறி, அப்புறம்தான் உள்ளே போய்ப் பஸ்காச் சாப்பாட்டைக் காகிதத் தட்டில் தொடர்வார்கள். பகலைப் பன்னிரண்டாகப் பிரித்து நான்காம் பங்கு முடிவதற்குள், ஏறக்குறைய பத்து மணிக்குள் தின்று முடிக்க வேண்டும். மிச்சத்தைத் தொலைக்க இன்னும் ஒரு பங்கு அவகாசம். ஓய்வுநாளில் எரிக்க முடியாது. துணுக்குகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உங்கள் கதையில் ஏழு பேர், ஒரே கழிப்பறை. கடைசிப் பத்து நிமிடத்தில் பேரன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளட்டும். பாட்டி துணுக்குக் காகிதத்தை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே நிற்கட்டும். இப்போது அவள் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். திருத்தி எழுதியதும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.