கேள்வி பதில்: மேடன் ஆட்டத்தில் எந்த பிளே எடுப்பது?

கேள்வி: மேடன் என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமில் கம்ப்யூட்டரை அநாயாசமாக ஜெயிக்கிறேன். ஆன்லைனில் போனால் உதைதான். எனக்குப் பிடித்த நீள பாஸ் இரண்டு தடவை பலிக்கிறது, மூன்றாவது தடவை இன்டர்செப்ஷன், பந்தை எதிரணி பிடித்துவிடுகிறது. ஏன்?

பதில்: மூன்றாவது தடவை எதிராளி அதற்காகவே காத்திருக்கிறார், வேறென்ன! பிளேபுக்கில் நூற்றுக்கணக்கில் பிளே, அதாவது முன்பே வகுத்த ஆட்டத் திட்டம், கிடக்கட்டும், நீங்கள் ஒரே ஃபார்மேஷனில் நாலைந்தை மட்டும் பழகுங்கள்: ஒரு ரன் (பந்தோடு ஓடுவது), அதே ரன் மாதிரி ஆரம்பிக்கும் ஒரு பிளே ஆக்‌ஷன் பாஸ், ஒரு ஸ்கிரீன் (பாய்ந்து வரும் எதிரணியைத் தாண்டிப் போடும் குட்டிப் பாஸ்), பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் குறுக்கே ஓடும் ஒரு பாஸ். ஆட்கள் நிற்கும் விதம் எப்போதும் ஒன்றுதான் என்பதால், ஸ்நாப் ஆகும்வரை (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும்வரை) வரப்போவது எது என்று அவருக்குப் பிடிபடாது.

அப்புறம், எதிரணியில் பின்னால் நிற்கும் காவலர்களான சேஃப்டிகளை எண்ணுங்கள். நடுவில் ஒருவர் மட்டும் ஆழத்தில் நின்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3 (ஆழத்தை எத்தனை பேர் காக்கிறார்கள் என்பதுதான் அந்த எண்). இருவர் பிரிந்து நின்றால் கவர் 2 அல்லது கவர் 4. கவர் 2 என்றால் அந்த இருவருக்கும் நடுவே ஆழத்தில் ஓர் ஓட்டை இருக்கும், ஓரக்கோட்டை ஒட்டி, ஓரத்துக் காவலரான கார்னருக்குப் பின்னாலும் சேஃப்டிக்கு முன்னாலும் இன்னொன்று. கவர் 3 என்றால் நாலு பேரை நேராக ஆழத்துக்கு ஓடவிடுங்கள், காக்க மூன்று பேர்தான், கணக்கு இடிக்கும். மேனா (ஆளுக்கு ஓர் ஆள் காவல்), ஸோனா (இடத்துக்கு ஓர் ஆள் காவல்) என்று சந்தேகமா? ஒரு ரிசீவரை மோஷனில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அனுப்புங்கள். எதிரணி ஆள் ஒருவர் கூடவே ஓடிவந்தால் அநேகமாக மேன்தான். ஆனால் கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒரு விதமாக நிறுத்திக் காட்டிவிட்டு ஸ்நாப் ஆனதும் வேறாக மாற்றுவார், அதனால் பந்து கைக்கு வந்த முதல் நொடியில் உங்கள் கண் ரிசீவர் மேல் வேண்டாம், சேஃப்டி மேல் இருக்கட்டும்.

கேள்வி: டிஃபென்ஸில் எப்போதும் பிளிட்ஸ்தான் (கூடுதல் ஆட்களை முன்னால் பாயவிடுவது) எடுக்கிறேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதில் ஒரு சுகம். தப்பா?

பதில்: சுகம்தான், செலவும் அதிகம். பதினொரு பேரில் ஆறு பேரை அனுப்பினால் பின்னால் மிச்சம் ஐந்து பேர், பாஸ் பிடிக்கக்கூடியவர்களும் ஐந்து பேர். ஒருவர் தவறினாலும் உதவிக்கு ஆள் கிடையாது. ஒரு ஸ்கிரீன் பாஸ் போதும், உங்கள் ஆறு பேரும் முன்னால் பாய்ந்துகொண்டிருக்க பந்து அவர்கள் தலைக்கு மேலே போய்விடும். மூன்றாவது டவுனில் (நாலு முயற்சிகளில் மூன்றாவதில்) எதிராளிக்கு 12 யார்டு வேண்டும் என்றால் நிக்கலோ டைமோ (பாஸைத் தடுக்க ஐந்தாவது, ஆறாவது பின்காவலரைச் சேர்க்கும் அமைப்புகள்) போட்டு, எட்டு யார்டில் பிடிக்கவிட்டு அங்கேயே அவரைச் சாய்த்துவிடுங்கள். ஆனால் 2 யார்டுதான் வேண்டுமென்றால் டைம் போடாதீர்கள், அந்த லேசான ஆட்களை, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் மிதித்துக்கொண்டு போவார். இன்னொன்று, முன்வரிசை ஆளை நீங்கள் ஓட்டாதீர்கள். முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கரை எடுத்துக்கொண்டு மைதானத்தின் நடுப்பகுதியை அடைத்துவிடுங்கள், எதிராளியின் சுலபமான பாஸ்கள் பல அங்கேதான் போகும்.

கேள்வி: அந்தக் காலத்து டெக்மோ சூப்பர் பௌலில் இத்தனை தலைவலி இல்லையே?

பதில்: 1991-இல் வந்த அந்த ஆட்டத்தில் ஓர் அணிக்கு எட்டே பிளே, நாலு ரன், நாலு பாஸ். எதிராளி நீங்கள் எடுத்த அதே பிளேயை ஊகித்துவிட்டால் மொத்த டிஃபென்ஸும் உள்ளே புகுந்துவிடும். ஒற்றையா இரட்டையா மாதிரிதான், அதிலும் ஆளின் பழக்கம் தெரிந்தவர் ஜெயித்தார்.

கேள்வி: நாலாவது டவுன், 1 யார்டு. பன்ட் அடிக்கலாமா (பந்தைத் தூர உதைத்து எதிரணிக்கு விட்டுவிடலாமா)?

பதில்: சொந்த 20 யார்டு கோட்டருகே என்றால் அடியுங்கள். பாதி மைதானம் தாண்டிவிட்டால் குவார்ட்டர்பேக் ஸ்னீக், அதாவது அவரே பந்தோடு முன்னால் நுழைவது. எதிரணியின் 30 யார்டு கோட்டில் நின்றால் ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 47 யார்டு தூரம் (எண்ட் ஸோன் 10, ஸ்நாப் 7 சேர்த்து), காற்றையும் கிக்கரையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைசி நிமிடத்தில் நாலு புள்ளி பின்தங்கியிருந்தால் ஃபீல்ட் கோலை மறந்துவிடுங்கள், அதற்கு மூன்று புள்ளிதான்.