பார்லரில் சொன்ன 'ஹார்மோன் கோளாறு'

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. 13 வயதில் பூப்பெய்தினாள். மாதவிலக்கு மாதாமாதம் சரியாக வருகிறது. மேலுதட்டில் பூனைமுடி, கை கால்களில் கறுப்பு முடி, தொப்புளுக்குக் கீழே கோடு போல முடி. த்ரெட்டிங் போன இடத்தில், "ஹார்மோன் கோளாறு. இப்போதே லேசர் செய்யாவிட்டால் மீசையாகிவிடும்" என்று சொல்லி ஆறு சிட்டிங்குக்கு முன்பணம் கேட்கிறார்கள். பயந்துபோய் ஸ்கேன் எடுத்தோம். 'நீர்க்கட்டி' என்று வந்திருக்கிறது. வரன் பார்க்கிற நேரம். என்ன செய்வது?

பதில்: முதலில் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இருப்பதுதான். ஆண் ஹார்மோன் என்று சொல்கிறோமே, அது பெண்ணுடம்பிலும் கொஞ்சம் சுரக்கத்தான் செய்யும். அக்குளில் முடி வருவதே அதனால்தான். முடி எவ்வளவு கறுப்பாக, எவ்வளவு அடர்த்தியாக வளரும் என்பது பெரும்பாலும் பரம்பரை. உங்கள் கையையும் உங்கள் நாத்தனார் கையையும் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

முடி அதிகமா என்று பார்க்க எங்களிடம் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ஃபெர்ரிமேன், கால்வே என்ற இருவர் 1961-ல் வகுத்தது. இப்போது ஒன்பது இடங்களைப் பார்த்து, இடத்துக்கு 4 வீதம் 36-க்கு மதிப்பெண் போடுகிறோம். 8-ஐத் தொட்டால் கவனிப்போம் என்பது பழைய வழக்கம். இப்போது இனத்தைப் பொறுத்து 4 முதல் 6 என்று இறக்கியிருக்கிறார்கள். முன்கையும் கெண்டைக்காலும் அந்த ஒன்பதில் கிடையாது. மெல்லிய பூனைமுடிக்கும் மதிப்பெண் இல்லை. தொப்புளுக்குக் கீழே உள்ள கோட்டுக்கு ஒன்றோ இரண்டோ வரலாம், அவ்வளவுதான்.

அடுத்து அந்த ஸ்கேன். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இப்போதெல்லாம் யாரும் எழுதித் தரவே வேண்டியதில்லை, நேரே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றாகிவிட்டது! பூப்பெய்தி 8 வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓடி, அதாவது நீங்கள் சொல்லும் அந்த நீர்க்கட்டிப் பிரச்சினை, என்று முடிவு கட்டக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயதில் சினைப்பையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிவது சகஜம். உங்கள் மகளுக்கு ஆறு வருஷம்தான் ஆகிறது. மாதவிலக்கும் ஒழுங்காக வருகிறது. அந்த ரிப்போர்ட்டைக் கல்யாணப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஒரே ஒரு நிலைமை வேறு. பல வருஷமாக இருக்கும் முடி வேறு, ஆறே மாதத்தில் கிடுகிடுவென வந்த முடி வேறு. தாடையிலும் மார்பிலும் புதிதாகத் தடித்த முடி, குரல் கட்டையாவது, முன்நெற்றி வழுக்கை, வந்துகொண்டிருந்த மாதவிலக்கு நின்றுபோவது, இவை சேர்ந்து வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அரிதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணை பார்லருக்கு அனுப்பாதீர்கள், வாக்சிங் செய்து மறைக்காதீர்கள், நாட்டு மருந்து அரைத்துக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு பார்க்கும் மருத்துவரிடம் நேராகப் போங்கள். உங்கள் மகள் விஷயம் இதுவல்ல. இருந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் இப்படி வருகிறவர்கள் எல்லா இடமும் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

இப்போது லேசர். அது முடியிலுள்ள கறுப்பு நிறத்தைப் பிடித்துச் சூடாக்கித்தான் வேரை அழிக்கிறது. பூனைமுடியில் பிடிப்பதற்கு நிறமே போதாது. வேர் சாகாமல் வெறும் சூடு மட்டும் பட்டால், சிலருக்கு அது தூண்டப்பட்டுத் தடித்துக் கறுத்து வளர்கிறது. முகத்திலும் கழுத்திலும், அதுவும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில்தான் இது அதிகம். "செய்யாவிட்டால் மீசையாகும்" என்றார்கள் அல்லவா? செய்தாலும் ஆகலாம்! தடித்த கறுப்பு முடிக்கு லேசர் நல்ல சிகிச்சைதான், நானே செய்கிறேன். அதிலும் முடி குறையும் என்றுதான் சொல்ல முடியும். 'நிரந்தரமாக நீக்குகிறோம்' என்ற போர்டைப் பார்த்தால் படி ஏறாதீர்கள்.

இன்னொன்று, வீட்டில் மகள் முகத்துக்கு என்ன க்ரீம் போடுகிறாள் என்று பாருங்கள். டியூபைத் திருப்பி பீட்டாமெத்தசோன், க்ளோபிடசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். இவை ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவோடு முடியும் முளைக்கும். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018-ல் அரசு உத்தரவே போட்டது. மெடிக்கலில் போய்க் கேட்டுப் பாருங்கள், கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அப்படி ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள், சட்டென நிறுத்தினால் முகம் எரியும்.

மேலுதட்டு முடி மகளுக்கு உறுத்தலாக இருந்தால் த்ரெட்டிங் போதும். ஷேவ் செய்தாலும் தடித்து வளராது. உறுத்தவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், 'பேக்கேஜுக்கு ரீஃபண்ட் இல்லை' என்பார்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.