பொருளாதாரம், சட்டம் இரண்டிலும் பட்டம் பெற என்ன தகுதி வேண்டும்?

பிளஸ் டூ முடித்த மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பி.ஏ., எல்.எல்.பி. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேரலாம். சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள்படி பொதுப் பிரிவினருக்கு 45%, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40% மதிப்பெண் தேவை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு கிளாட் (CLAT) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சியில் உள்ளதும் அதில் சேர்த்தி. சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த பி.ஏ.வில் பொருளாதாரம் பெரும்பாலும் அரசியல் அறிவியல், வரலாறு, சமூகவியலோடு சேர்ந்து சில தாள்களாகவே வரும். எனவே விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தை இறக்கி, பொருளாதாரத் தாள்களை எண்ணிப் பாருங்கள்.

பொருளாதாரத்தை ஆழமாகப் படிக்க விரும்பினால், இரண்டாவது வழியே நல்லது: மூன்றாண்டு பி.ஏ. பொருளாதாரம் முடித்து, பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்வது. ஓராண்டு கூடும்; பட்டப்படிப்பிலும் அதே 45% வேண்டும். ஆனால் கணிதம், புள்ளியியல், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பொருளாதார அளவையியல் எல்லாம் முறையாகக் கைவரும். பின்னாளில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கவும், போட்டிச் சட்டம் (நிறுவனங்களுக்கிடையே நியாயமான போட்டியைக் காக்கும் சட்டம்), வரிச் சட்டம் போன்ற துறைகளுக்குள் போகவும் அந்த அடித்தளம் உதவும். மகளுக்குக் கணக்கு பிடிக்குமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும், வழக்கறிஞராகத் தொழில் செய்ய மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும்.