ஸ்ட்ரெச்சர் தூக்கி முதுகு போனால், அது யார் தவறு?

கேள்வி: அக்கா, நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், வயது 31. ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் வேலை. ஐந்து மாதம் முன்பு ஒரு ஃபிளாட்டின் மூன்றாவது மாடியிலிருந்து கனமான நோயாளி ஒருவரை நானும் என் பார்ட்னரும் படி வழியாக இறக்கினோம். படியில் இறக்கும் நாற்காலி உடைந்து கிடந்தது. பலமுறை சொல்லியும் மாற்றவில்லை. அதனால் கையால் தூக்கினோம். அன்றே முதுகு பிடித்தது, பிறகு ஸ்கேனில் டிஸ்க் விலகல் என்றார்கள். "இன்னொரு வண்டி வரும்வரை காத்திருக்காதது உன் தவறு, நீ கான்ட்ராக்டர்தான், சேரும்போதே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்து போட்டிருக்கிறாய்" என்கிறது கம்பெனி. சிக் லீவ் முழுவதையும் கழித்துவிட்டு, மீதி இரண்டு மாதத்துக்குச் சம்பளமே தரவில்லை. கேஸ் போடலாமா? இப்போது திரும்பி வந்த பிறகு, இரவில் போலீஸ் துணையில்லாமல், ஆம்புலன்ஸ் ஆட்கள் தாக்கப்படுகிற ரெட் ஸோனுக்கு அனுப்புகிறார்கள். மறுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கம்பெனி சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூட நிற்காது. ஆனால் நீங்கள் கேட்கும் கேஸும் நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் வேலையில் ஏற்படும் காயத்துக்கு 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் சட்டம் இருக்கிறது. எல்லோரும் கோய்டா என்பார்கள். அதன் 35-ஆம் பிரிவு, தொழிலாளி தன் முதலாளி மீது நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை எடுத்துவிட்டது. பதிலுக்கு, தவறு யாருடையது என்று கேட்காமலே அரசின் நஷ்டஈட்டு நிதியிலிருந்து பணம் தருகிறது. ஆகவே "காத்திருக்காதது உன் தவறு" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. வேண்டுமென்றே செய்த பெரிய ஒழுங்கீனம் என்றால்தான் சட்டம் முகம் சுளிக்கும்; அதிலும்கூட பலத்த ஊனமோ மரணமோ ஏற்பட்டால் விலக்கு உண்டு. நோயாளியைக் கீழே கொண்டுவந்ததை ஒழுங்கீனம் என்று எந்த அதிகாரியும் எழுதமாட்டார்.

கான்ட்ராக்டர் கதைக்கு வருவோம். உங்கள் பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். கான்ட்ராக்டருக்குச் சிக் லீவ் கழித்த கம்பெனியை நான் இதுவரை பார்த்ததில்லை! யூஐஎஃப் (வேலையில்லாக் காலக் காப்பீடு) பிடித்திருந்தால் இன்னும் நல்லது. ரோஸ்டர் அவர்களுடையது, யூனிஃபார்ம் அவர்களுடையது, வண்டி அவர்களுடையது, கன்ட்ரோல் ரூம் சொல்கிற இடத்துக்கு நீங்கள் போகிறீர்கள். காகிதத்தில் என்ன பெயர் வைத்தாலும் இது வேலைக்கார உறவுதான். எழுதாத ஒப்பந்தமும், கம்பெனியின் தொழிலுக்காக காசுவலாக வருகிறவரும் கோய்டாவின் வரையறைக்குள் வருவார்கள்.

கையெழுத்துப் போட்ட தாள்? 33-ஆம் பிரிவின்படி, கோய்டா உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. க்ளெய்ம் போடக்கூடாது என்று யாராவது மிரட்டினால் 34-ஆம் பிரிவின்படி அது குற்றம். கம்பெனி நிதியில் பதிவே செய்யாமல் இருந்தாலும் உங்கள் உரிமை போகாது. அது அவர்களுக்கும், நிதியை நடத்தும் கமிஷனருக்கும் உள்ள கணக்கு.

இனி பணம். விபத்து தெரிந்த 7 நாளுக்குள் முதலாளி கமிஷனருக்கு டபிள்யூ.சிஎல்.2 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் கம்பெனி அனுப்பியதாகத் தெரியவில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள். தொழிலாளி தானே கொடுக்கும் டபிள்யூ.சிஎல்.3 என்ற படிவம் இருக்கிறது. அருகிலுள்ள லேபர் சென்டரில் கொடுத்து, முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்குள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

வேலைக்குப் போகமுடியாத காலத்துக்குச் சட்டம் தருவது சம்பளத்தில் 75 சதவீதம், அதற்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. முதல் மூன்று மாதம் அதை முதலாளிதான் கொடுக்க வேண்டும். பிறகு அவர் நிதியிலிருந்து திருப்பி வாங்கிக்கொள்வார். இதனால்தான் சின்னக் கம்பெனிகள் படிவத்தைக் கண்டால் ஓடுகின்றன என்று நினைக்கிறேன். உங்கள் சிக் லீவைக் கழித்ததும் தவறு. 1997-ஆம் ஆண்டின் வேலை நிபந்தனைச் சட்டம் 24-ஆம் பிரிவு, கோய்டாவில் நஷ்டஈடு கிடைக்கிற காலத்துக்குச் சிக் லீவ் விதிகள் பொருந்தாது என்கிறது. இதைக் காட்டி அந்த நாட்களைத் திருப்பிப் போடச் சொல்லி எழுதுங்கள். முதுகில் நிரந்தரக் குறை நின்றுவிட்டால், 30 சதவீதம் வரை ஒரே தொகை, அதற்கு மேல் மாத பென்ஷன்.

உடைந்த நாற்காலியில்தான் உங்கள் க்ளெய்மின் உயிர் இருக்கிறது. கோய்டாவின் 56-ஆம் பிரிவின்படி, முதலாளியின் அலட்சியத்தாலோ சரிசெய்யாமல் விட்ட கருவியின் பழுதாலோ காயம் ஏற்பட்டால் கூடுதல் நஷ்டஈடு கேட்கலாம். விபத்து நடந்த நாளிலிருந்து 24 மாதம் அவகாசம். வலிக்கும் வேதனைக்கும் பணம் வராது. உண்மையில் இழந்த பணத்தைத் தாண்டியும் போகாது. ஆனாலும் சும்மா விடுகிற தொகையில்லை. 2019-இல் வந்த எர்கோனாமிக்ஸ் (உடலுக்கு ஏற்றபடி வேலையை அமைக்கும்) விதிகளும் உங்களுக்குக் கைகொடுக்கும்: பாரம் தூக்குகிற வேலையில் ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, பயிற்சி கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை.

முதுகு கேஸ்களில் எதிர்த்தரப்பு எப்போதும் சொல்வது, "இது பழைய தேய்மானம்". ஆகவே முதல் மருத்துவ அறிக்கையில் டாக்டர் என்ன எழுதினார் என்று பாருங்கள். "முதுகு வலி" என்று மட்டும் இருந்தால், எந்தத் தேதி, எந்தப் படிக்கட்டு, எதைத் தூக்கியது என்பதைச் சேர்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள். பார்ட்னரின் கையெழுத்திட்ட வாக்குமூலம், சூப்பர்வைசருக்கு அன்று அனுப்பிய வாட்ஸ்அப், நாற்காலி பற்றி முன்பு சொன்ன மெசேஜ்கள், எல்லாவற்றையும் பாதுகாப்பாக வைத்திருங்கள். நோயாளியின் ஃபைலை மட்டும் போட்டோ எடுக்காதீர்கள். அது 2013-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டத்தில் மாட்டிவிடும். கால் நம்பரும் நேரமும் போதும்.

ரெட் ஸோன் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். சுரங்கத் தொழிலாளிக்கு ஆபத்தான இடத்தைவிட்டு வெளியேறும் உரிமையைச் சட்டம் எழுதியே கொடுத்திருக்கிறது. உங்கள் தொழிலுக்கான 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இருப்பது, பாதுகாப்பான வேலைச்சூழலைத் தரும் முதலாளியின் கடமையும், பாதுகாப்பு இன்ஸ்பெக்டரிடம் பேசியதற்காகப் பழிவாங்கக்கூடாது என்பதும். ஆகவே ரேடியோவில் "போகமாட்டேன்" என்று சொல்லாதீர்கள். "போலீஸ் வரும்வரை இந்த இடத்தில் நிற்கிறோம், நேரம் இவ்வளவு" என்று சொல்லிப் பதிவாகட்டும். நியாயமற்ற உத்தரவை மீறியதைக் கீழ்ப்படியாமை என்று நிரூபிப்பது எளிதல்ல. அதற்குப் பிறகும் வேலையை விட்டுத் தூக்கினால், 30 நாளுக்குள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ-வுக்குப் போய்விடுங்கள்.

அங்கே தாக்கப்பட்டால் என்ன என்பதில் கோர்ட்டுகள் இருவழியாகவும் போகக்கூடும். ஆஸ்பத்திரியில் பலாத்காரத்துக்கு ஆளான ஒரு டாக்டரின் வழக்கில் 2014-இலும், போராட்டக்காரர்கள் தாக்கிய ஒரு அரசு ஊழியரின் வழக்கில் 2021-இலும், அது வேலையோடு ஒட்டிய ஆபத்தல்ல, முதலாளி மீது வழக்குப் போடுவதை 35-ஆம் பிரிவு தடுக்காது என்று மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஆம்புலன்ஸ்காரர் இரவில் வழிப்பறிக்கு ஆளாவது வேலையோடு ஒட்டிய ஆபத்துதான் என்று எதிர்த்தரப்பு வாதிடும், அந்த வாதத்தில் வலு இருக்கிறது. எனவே முதலில் போலீஸ் கேஸ் நம்பர், அப்புறம் கோய்டா க்ளெய்ம். வழக்கு உண்டா இல்லையா என்று பிறகு பார்க்கலாம். பொதுவாக மூன்று ஆண்டு இருக்கிறது, அரசு மீது என்றால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ்.

கமிஷனர் உங்கள் க்ளெய்மை மறுத்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். அந்த முடிவிலிருந்து 180 நாளுக்குள் ஆட்சேபணை தரலாம், அதற்கு வக்கீலோடோ யூனியனோடோ போங்கள். ஸ்கேனுக்கும் பிசியோவுக்கும் நீங்கள் கைக்காசு கொடுத்திருந்தால் ரசீதுகளையும் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். நியாயமான மருத்துவச் செலவு, விபத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை, கோய்டாவிலேயே அடங்கும்.