டெலிகன்வெர்ட்டர் போட்டு மலையை எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிக் காட்சியை இன்னும் நெருக்கிக் காட்டும் டெலிகன்வெர்ட்டரைப் பற்றிப் பறவை, விலங்கு எடுப்பவர்கள் சொல்லும் புகார்களைக் கேட்டுவிட்டு, மலையும் மேகமும் எடுப்பவர்களும் சேர்ந்து பயந்துபோகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அந்தப் பயம்தான். பறக்கிற பருந்தை எடுப்பவருக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம், அதாவது பாதி வெளிச்சம், குறைந்தால் நிஜமாகவே நஷ்டம். ட்ரைபாடில் கேமராவை வைத்து எஃப்/8-இல் (இந்த எண் கூடக் கூட லென்ஸின் துளை சின்னதாகும்) எடுக்கப்போகிற நமக்கு அது பெரும்பாலும் நஷ்டமே இல்லை. நம்முடைய தொல்லைகள் வேறு, அவை கீழே வரும்.

கேள்வி: என்னிடம் 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இருக்கிறது. ஊட்டி, வால்பாறைப் பக்கம் மலை அடுக்குகளை எடுக்க 200 போதவில்லை. 1.4எக்ஸ் (1.4 மடங்கு) கன்வெர்ட்டர் வாங்குவதா, 2எக்ஸ் வாங்குவதா, இல்லை 100-400 லென்ஸே வாங்கிவிடுவதா?

1.4எக்ஸ் வாங்குங்கள். உங்கள் லென்ஸ் 98-280 எஃப்/4 ஆகிவிடும், நல்ல லென்ஸாக இருந்தால் தரத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்கவே கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். 2எக்ஸ் போட்டால் 140-400 எஃப்/5.6. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கன்வெர்ட்டர் லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை எடுத்துப் பெரிதாக்குகிறது, அதோடு லென்ஸின் குறைகளும் இரண்டு மடங்காகும். அதனால் 2எக்ஸில் முழு அப்பெர்ச்சரில், அதாவது துளையை முழுக்கத் திறந்து, எடுக்காமல் ஒரு ஸ்டாப்பாவது மூடித்தான் ஆக வேண்டும்.

100-400 என்பது சுமார் ஒன்றரைக் கிலோ. கன்வெர்ட்டர் 200 கிராம் சொச்சம். மாதத்துக்கு ஒருமுறை மலையேறி, அதிலும் பத்துப் படத்துக்கு ஒன்றுதான் 300-ஐத் தாண்டும் என்றால் கன்வெர்ட்டர் போதும். எப்போதும் 300-க்கு மேலேயே எடுக்கிறீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், 100-400தான்.

கேள்வி: கன்வெர்ட்டர் போட்டால் எந்த அப்பெர்ச்சரில் எடுக்க வேண்டும்? நான் எப்போதும் எஃப்/16 வைத்துத்தான் நிலக்காட்சி எடுப்பேன்.

அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வைட் லென்ஸில் எஃப்/16 வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு, காலடியில் இருக்கும் கல்லும் தெரிய வேண்டும், தூரத்து மலையும் தெரிய வேண்டும். தூரத்தை நெருக்கும் டெலி லென்ஸில் காலடிக் கல்லே ஃபிரேமில் இல்லை.

கணக்கு இப்படி. எஃப்/2.8 லென்ஸில் 2எக்ஸ் போட்டுவிட்டு கேமராவில் எஃப்/8 வைத்தால், லென்ஸ் உள்ளே எஃப்/4-இல் இருக்கிறது, அதாவது ஒரு ஸ்டாப் மூடியிருக்கிறது. எஃப்/11 வைத்தால் இரண்டு ஸ்டாப். அதற்கு மேல் மூடினால் டிஃப்ராக்‌ஷன், அதாவது சின்னத் துளை வழியே வரும் ஒளி பரவுவதால் படம் மொத்தமும் மெல்ல மழுங்குவது, 45 மெகாபிக்சல் கேமராவில் கண்ணுக்கே தெரியும். ஆக எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் நடுவில் ஒரு குறுகலான சந்துதான் உங்களுக்கு இருக்கிறது. இப்போது இதே கணக்கை எஃப்/5.6-இல் முடிகிற சாதாரண 70-300-க்குப் போட்டுப் பாருங்கள்: 2எக்ஸ் போட்டதுமே முழு அப்பெர்ச்சரே எஃப்/11, மூடுவதற்கு இடமே இல்லை. கன்வெர்ட்டருக்கு எஃப்/2.8, எஃப்/4 லென்ஸ்தான் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான், வெறும் அந்தஸ்து விஷயம் இல்லை.

கேள்வி: 45 மெகாபிக்சல் கேமரா வைத்திருக்கிறேன். கன்வெர்ட்டருக்குப் பதில் கிராப் செய்துகொண்டால் என்ன?

செய்யலாம், நிறையப் பேருக்கு அதுவே போதும். 1.4 மடங்கு கிராப் செய்தால் பிக்சல் பாதியாகி சுமார் 23 மெகாபிக்சல் மிஞ்சும், 300 டிபிஐ-யில் 19-க்கு 13 அங்குலம் அச்சடிக்கலாம். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட இது அதிகம். ஆனால் இரண்டு மடங்கு கிராப் என்றால் கால்வாசிதான், 11 மெகாபிக்சல்தான் மிஞ்சும், 24 மெகாபிக்சல் கேமராவில் அது வெறும் 6. பெரிதாக அச்சடிக்கிறவர்களுக்கும், தூரத்துச் சோலைக்காட்டில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் கன்வெர்ட்டர் கட்டாயம் கூடுதலாகத் தரும், அதுவும் காற்று ஒத்துழைக்கிற நாளில். காற்று ஒத்துழைக்காத நாளில் இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கிலிருந்து மதியம் கீழே தெரியும் சமவெளியை 2எக்ஸ் போட்டு எடுத்தேன். ஒரு படமும் கூர்மையாக இல்லை, சிலவற்றில் மரங்களே நெளிகின்றன. கன்வெர்ட்டர் பழுதா?

நெளிகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது கானல். பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வெயில் ஏறியதும் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று மேலே கிளம்புகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. எரிகிற அடுப்புக்கு மேலே பார்த்தால் பின்னால் உள்ள சுவர் நெளியுமே, அதேதான் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கிறது. 50 மி.மீ. லென்ஸில் இது தெரியாது, 400-இல் எட்டு மடங்கு பெரிதாகித் தெரிகிறது. பல லட்சம் ரூபாய் லென்ஸ் இருந்தாலும் தப்பிக்க முடியாது.

சந்தேகம் தீர வேண்டும் என்றால், ஒரு நாள் விடியற்காலையில் 30, 40 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை ட்ரைபாடில் வைத்து எஃப்/8-இல் எடுங்கள், கன்வெர்ட்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எழுத்து விளிம்புகள் சுத்தமாக வந்தால் கன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம் நேரம். சூரியன் உதிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து உதித்து ஒரு மணி நேரம் வரை நல்ல நேரம். மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது. தார் ரோடு, தகரக் கூரை, வெயிலில் நிற்கும் காரின் பானெட், இவற்றுக்கு மேலாகப் பார்த்து எடுக்காதீர்கள். ஏசி போட்ட காரின் ஜன்னலை இறக்கிவிட்டு அங்கிருந்தே எடுப்பதும் இதே ரகம்தான், உள்காற்றும் வெளிக்காற்றும் ஜன்னலிலேயே கலக்கின்றன. லென்ஸையும் முன்னதாகவே பையிலிருந்து வெளியே எடுத்து, வெளிக் குளிருக்குப் பழக விடுங்கள். கானல் நொடிக்கு நொடி மாறும் என்பதால் ஒரே காட்சியைத் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து தட்டிவிட்டால் அதில் ஒன்று மற்றவற்றைவிடத் தேறும்.

புகைமூட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பனி, தூசு, புகை எல்லாம் படத்தை வெளிறச் செய்யும், ஆனால் நெளிய வைக்காது. வெளிறலை ரா ஃபைலில், மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ், கான்ட்ராஸ்ட் கொண்டு ஓரளவு மீட்கலாம். கானலை எந்த மென்பொருளும் சரிசெய்து தராது. சொல்லப்போனால் மலை அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போவது அந்த மூட்டத்தால்தான், அதை முழுக்கத் துடைத்துவிட்டால் படமே போய்விடும்.

கேள்வி: ஜூம் லென்ஸின் ஃபில்டர்கள் கன்வெர்ட்டர் போட்டாலும் பொருந்துமா?

பொருந்தும். கன்வெர்ட்டர் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில்தான் போகிறது, முன்பக்கம் மாறவே மாறாது. போலரைசர் ஃபில்டர் சூரியனுக்குப் பக்கவாட்டில், 90 டிகிரி கோணத்தில் நன்றாக வேலை செய்யும், சூரியனுக்கு எதிரிலோ அதற்கு முதுகு காட்டியோ நின்றால் பெரிதாக ஒன்றும் செய்யாது.

கேள்வி: டாம்ரான், சிக்மா லென்ஸ் வைத்திருக்கிறேன், சோனி கேமரா. சோனியின் கன்வெர்ட்டர் போடலாமா?

முடியாது. சோனியின் கன்வெர்ட்டர்கள் சோனியின் குறிப்பிட்ட சில லென்ஸ்களுக்கு மட்டும்தான், எல்லா சோனி லென்ஸுக்கும்கூட இல்லை. பழைய 70-200 எஃப்/4 ஏற்காது, அதன் இரண்டாம் பதிப்பு ஏற்கும். சிக்மாவின் 150-600 எல்-மவுண்ட் (லைக்கா, பானசோனிக், சிக்மா கேமராக்களுக்கான) வடிவத்துக்கு சிக்மாவே கன்வெர்ட்டர் விற்கிறது, அதே லென்ஸின் சோனி வடிவத்துக்குக் கிடையாது. கேனன் ஆர்எஃப் 70-200 எஃப்/2.8-இல் 2019-இல் வந்தது ஏற்காது, பின்னால் வந்த இசட் வடிவம் ஏற்கும்.

இன்னொன்று, நிலக்காட்சி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கேனன் ஆர்எஃப் 100-500-இல் கன்வெர்ட்டர் போட்டால் 300-க்குக் கீழே ஜூம் திரும்பாது. 1.4எக்ஸோடு அது 420-700 லென்ஸ் ஆகிவிடுகிறது. பறவைக்காரர்களுக்குக் கவலையில்லை. அகலமாக ஒரு ஃபிரேம், நெருக்கமாக ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்கும் நமக்கு அது எரிச்சல். கன்வெர்ட்டரின் முன் கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பட்டியலில் இல்லாத லென்ஸில் அழுத்திப் பொருத்திப் பார்த்தால் இரண்டு கண்ணாடியும் போகும். காசு கொடுக்கும் முன் தயாரிப்பாளரின் பட்டியலைப் பாருங்கள், கடைக்காரர் சொல்வதை அப்புறம் கேட்கலாம்.

கேள்வி: ட்ரைபாடில்தான் வைக்கிறேன், ஆனாலும் 400-இல் லேசான மங்கல் இருக்கிறது. விடியற்காலை, கானல் இல்லை.

லென்ஸின் காலரில், அதாவது லென்ஸைச் சுற்றியுள்ள ட்ரைபாட் வளையத்தில்தானே மாட்டுகிறீர்கள்? கேமராவின் அடியில் மாட்டினால் முன்பாரம் இழுக்கும். நடுக்கம்பை ஏற்றாதீர்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூ, மிரர்லெஸ் என்றால் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (ஷட்டர் அதிராமல் தொடங்கும் அமைப்பு), கூடவே இரண்டு விநாடி டைமர். பழைய லென்ஸ்களில் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், அசையாத ட்ரைபாடில் அது தானே ஆட்டத்தை உண்டாக்கும். காற்று அடித்தால் ஐஎஸ்ஓ-வை 100-இலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், 400, 800-க்கு ஏற்றி ஷட்டரை வேகமாக்குங்கள். நுணுக்கமான கிரெயினை நீக்கலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸை லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் வையுங்கள். பல டிஎஸ்எல்ஆர்களில் எஃப்/8 ஆனதும் நடுப்புள்ளி ஒன்றுதான் ஆட்டோஃபோகஸ் செய்யும், சிலவற்றில் அதுவும் செய்யாது.

கேள்வி: டார்ஜிலிங் போகிறேன். டைகர் ஹில்லில் காஞ்சன்ஜங்காவுக்கு 2எக்ஸ் தேவையா?

முழு மலைத்தொடருக்கு வேண்டாம். மலை எழுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஃபுல் ஃபிரேமில் (36 மி.மீ. அகலச் சென்சாரில்) 200 மி.மீ. வைத்தால் அந்தத் தூரத்தில் சுமார் 13 கி.மீ. அகலம் அடங்கும், 400-இல் அதில் பாதி. 8,586 மீட்டர் சிகரத்தின் உச்சியில் முதல் வெளிச்சம் படுவதை மட்டும் எடுக்க 400 நன்றாக இருக்கும். அந்தச் சிவப்பு சில நிமிடம்தான், இருட்டிலேயே எது வேண்டும் என்று முடிவு செய்து மாட்டிவிடுங்கள், கூட்டத்துக்கு நடுவில் கன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. முன்னால் மரமோ கொடிகளோ வைத்து எடுக்க நினைத்தால் ஒன்று: 400 மி.மீ., எஃப்/8-இல் ஹைப்பர்ஃபோகல் தூரம், அதாவது தூரத்துச் சிகரமும் கூர்மையாக இருக்க ஃபோகஸ் வைக்க வேண்டிய மிகக் குறைந்த தூரம், 660 மீட்டருக்கு மேல். பக்கத்து மரமும் சிகரமும் ஒரே படத்தில் கூர்மையாக வரவே வராது, இரண்டு ஃபோகஸில் எடுத்துச் சேர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் பெரிய நிலா வருவது போல எடுக்க எத்தனை மி.மீ. வேண்டும்?

முதலில் நடக்கக் கால்கள் வேண்டும். நிலா வானில் அரை டிகிரி அகலம்தான், அதாவது ஒரு பொருளின் உயரத்தைப் போல 110 மடங்கு தூரம் தள்ளி நின்றால் நிலாவும் அதுவும் ஒரே அளவில் தெரியும். விமானம் சுமார் 216 அடி, அதனால் ஏழு கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே நின்றால் நிலா விமானம் அளவு, மூன்றரை கி.மீ.யில் பாதி அளவு. இதை லென்ஸ் மாற்றாது, நீங்கள் நிற்கும் இடம்தான் மாற்றும். லென்ஸின் வேலை அந்தக் காட்சியை ஃபிரேமில் நிரப்புவது: 400 மி.மீ.யில் நிலா சென்சாரில் மூன்றரை மி.மீ. சொச்சம் வரும், மூன்றரை கி.மீ.யிலிருந்து விமானம் ஏழு மி.மீ., 24 மி.மீ. உயரச் சென்சாரில் அது போதுமான அளவுதான். சமதளம் என்பதால் மரமும் கட்டடமும் மறைக்காத இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை பாருங்கள், நிலா எழும்போது வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும், கோயிலும் கருப்பாகாது. ஷட்டர் 1/10 விநாடிக்கு மெதுவாகப் போகக் கூடாது, நிலா நகர்ந்து மங்கும்.

கேள்வி: 1.4எக்ஸையும் 2எக்ஸையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாமா?

பல ஜோடிகள் நேரடியாகச் சேரவே சேராது. சேர்ந்தாலும் மூன்று ஸ்டாப் போய்விடும், எஃப்/4 லென்ஸ் எஃப்/11 ஆகும், டிஃப்ராக்‌ஷன் பற்றி மேலே சொன்ன எல்லாம் அங்கே தொடங்கிவிடும். 1.4எக்ஸ் போட்டு எடுத்துவிட்டு மீதியைக் கிராப் செய்துகொள்ளுங்கள்.