எக்செல்லில் வரிசையைக் கையால் இழுக்காதீர்கள்

கேள்வி: மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன், பாக்கி எல்லாம் தமிழில் எக்செல் ஷீட்டில் இருக்கின்றன. முகவரியின் கடைசி வரி மறைந்துபோகிறது. ஒவ்வொரு வரிசையாக இழுத்து உயரம் வைத்தேன். பெயர்களை அகர வரிசையில் அடுக்கியதும் எல்லாம் கலைந்துவிட்டது. இந்த மாதம் நீளமான முகவரிகளுக்கு மட்டும் இரண்டு செல்களை ஒன்றாக இணைத்து மெர்ஜ் செய்தேன். இப்போது அப்படி அடுக்கவே (சார்ட் செய்யவே) விடமாட்டேன் என்கிறது. பாக்கிப் பத்தியில் சில இடங்களில் ##### வருகிறது. பிரிண்ட் எடுத்தால் பாக்கி மட்டும் தனித் தாளில் விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதி, சரிசெய்யப் போய் வந்தவை. பத்தியின் அகலத்தை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வரிசையின் உயரத்தை எக்செல்லிடம் விட்டுவிட வேண்டும். நீங்கள் உயரத்தைக் கையில் எடுத்துக்கொண்டீர்கள்.

வரிசையின் கோட்டை ஒருமுறை இழுத்துவிட்டால், அந்த வரிசை அதன் பிறகு தானாக வளராது. நீங்கள் வைத்த உயரத்திலேயே நிற்கும். அந்த உயரமும் வரிசைக்குத்தான் சொந்தம், அதிலுள்ள முகவரிக்கு இல்லை. 7ஆம் வரிசையை மூன்று வரி முகவரிக்காக உயர்த்தியிருப்பீர்கள். சார்ட் செய்ததும் அந்த முகவரி 40ஆம் வரிசைக்குப் போய்விடும், உயரம் மட்டும் 7லேயே இருக்கும். கலைந்துபோனது இப்படித்தான்.

மெர்ஜ் இன்னும் மோசம். மெர்ஜ் செய்த செல்லில் எத்தனை வரி இருந்தாலும் வரிசை அதைக் கணக்கில் எடுக்காது. உயரத்தைத் தானாகப் பொருத்தும் ஆட்டோஃபிட் கொடுத்தாலும் அசையாது. சார்ட் செய்ய வேண்டுமானால் மெர்ஜ் செய்த செல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று வேறு அடம்பிடிக்கும். என்னைக் கேட்டால், தகவல் பட்டியலுக்குள் மெர்ஜ் என்பதே கூடாது. மேலே கடைப் பெயரை நடுவில் காட்டத்தான் வேண்டுமென்றால் அந்த செல்களைத் தேர்வு செய்து, கன்ட்ரோல் 1 அழுத்தி, அலைன்மென்ட் பகுதியில் ஹரிசான்டல் என்பதில் 'சென்டர் அக்ராஸ் செலெக்‌ஷன்' கொடுங்கள். பார்க்க மெர்ஜ் மாதிரியே இருக்கும், தொந்தரவு இருக்காது.

சரி, ஷீட்டைச் சரிசெய்வோம். இடது மேல் மூலையில் உள்ள முக்கோணத்தைச் சொடுக்கி மொத்த ஷீட்டையும் தேர்வு செய்யுங்கள். ஹோம் தாவலில் மெர்ஜ் பொத்தானை ஒட்டிய அம்புக்குறிக்குள் 'அன்மெர்ஜ் செல்ஸ்' இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு, காலியாகிவிட்ட கூடுதல் பத்தியை நீக்குங்கள்.

அடுத்தது அகலம். எக்செல்லில் அகல எண் சென்டிமீட்டர் இல்லை; ஷீட்டின் அடிப்படை எழுத்துருவில் எத்தனை பூஜ்யம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்ற கணக்கு. காலிப்ரி எழுத்துருவில், 11 அளவில், வழக்கமான 8.43 என்பது திரையில் 64 பிக்சல். ஆகவே 35 என்று வைத்தால் 35 தமிழ் எழுத்து பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். 'ணை', 'ழு' போன்றவை பூஜ்யத்தைவிட நன்றாகவே அகலம்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. எக்செல்லின் சாதாரண ஓரம் இருபுறமும் 0.7 அங்குலம் போக, மிச்சம் சுமார் 17.4 செ.மீ. இதற்குள் உங்கள் பட்டியலை நிறுத்தலாம்: வரிசை எண்ணுக்கு 5, பெயருக்கு 22, முகவரிக்கு 35, போனுக்கு 12, பாக்கிக்கு 12. கூட்டினால் ஏறத்தாழ 16.6 செ.மீ. வருகிறது. பத்தியின் தலைப்பில் வலது சொடுக்கி 'காலம் விட்த்' கொடுத்து இந்த எண்களைத் தட்டுங்கள். நூலிழை தாண்டினால் பேஜ் லேஅவுட் தாவலில் விட்த் என்பதை '1 பேஜ்' ஆக்குங்கள். அங்கேயே உள்ள ஹைட் என்பதை ஆட்டோமேட்டிக்கிலேயே விடுங்கள். இரண்டையும் 1 ஆக்கினால் மொத்தப் பட்டியலும் ஒரே தாளில் எறும்பு எழுத்தாக வந்து நிற்கும்.

இனி முகவரிப் பத்தியைத் தேர்வு செய்து, நீளமான எழுத்தை செல்லுக்குள்ளேயே பல வரிகளாக மடிக்கும் 'ராப் டெக்ஸ்ட்' கொடுங்கள். தமிழ் எழுத்துருவை நிர்மலா யுஐ என்றோ லதா என்றோ நீங்களே வையுங்கள். நிர்மலாவுக்கு வரி உயரம் காலிப்ரியைவிடக் கூடுதல் வேண்டும். காலிப்ரிக்கான 15 பாயின்ட் வரிசையைக் கையால் அப்படியே நிறுத்தி வைத்தால் கீழே இறங்கும் சுழிகள் நறுக்கப்படுவது இதனால்தான். கடைசியாக மொத்த ஷீட்டையும் தேர்வு செய்து, ஆல்ட் விசையை அழுத்திவிட்டு ஹெச், ஓ, ஏ என்று வரிசையாகத் தட்டுங்கள். எல்லா வரிசைகளும் பழையபடி தானியங்கி உயரத்துக்குத் திரும்பிவிடும். பத்தியின் அகலத்தை மாற்றும்போதெல்லாம் இதை ஒருமுறை தட்டிவிடுவது நல்லது.

திரையில் சரியாக இருந்தும் தாளில் ஓரிரு முகவரிகளின் கடைசி வரி வெட்டுப்படலாம். திரையும் பிரின்டரும் எழுத்தை ஒரே மாதிரி அளப்பதில்லை. அப்போதும் வரிசையை இழுக்காதீர்கள். அந்த செல்லுக்குள் போய் முகவரி முடிவில் ஆல்ட் என்டர் அழுத்தி ஒரு வெற்று வரி விடுங்கள்; வரிசை தானே வளரும்.

##### என்பது பிழை இல்லை. எண்ணுக்கு இடம் போதவில்லை, பாதி எண்ணைக் காட்டி உங்களை ஏமாற்ற மாட்டேன் என்கிறது எக்செல். பத்தித் தலைப்பின் வலது கோட்டில் இருமுறை சொடுக்கினால் சரியாகிவிடும். எவ்வளவு அகலப்படுத்தியும் போகவில்லை என்றால், அந்த செல்லில் தேதி வடிவம் இருந்து உள்ளே மைனஸ் எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். போன் நம்பர் 9.8E+09 என்று மாறிக் காட்டினாலும் காரணம் இதே இட நெருக்கடிதான். அதோடு, போன் நம்பரைக் கூட்டிக் கழிக்கவா போகிறீர்கள்? தட்டும் முன்பே அந்தப் பத்திக்கு 'டெக்ஸ்ட்' வடிவம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த மாத ஷீட்டுக்கு இதையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டாம். கன்ட்ரோலைப் பிடித்தபடி கீழே உள்ள ஷீட் பெயரைப் பக்கத்தில் இழுத்தால் அளவுகளோடு நகல் வந்துவிடும். ஏற்கெனவே உள்ள ஷீட்டுக்கு அகலம் மட்டும் வேண்டுமென்றால், பத்திகளை காப்பி செய்து, அங்கே பேஸ்ட் ஸ்பெஷலில் 'காலம் விட்த்ஸ்' தேர்வு செய்யுங்கள்.

கடையில் வேறு கணினியில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால், அங்கே அளவு பிக்சலில் இருக்கும். வலது சொடுக்கி ரீசைஸ் என்பதற்குள் போனால் 'ஃபிட் டு டேட்டா' கிடைக்கும். லிப்ரே ஆபிஸில் அளவைச் சென்டிமீட்டரிலேயே வைக்கலாம்; தானாகப் பொருத்துவதற்கு அங்கே பெயர் 'ஆப்டிமல் விட்த்', 'ஆப்டிமல் ஹைட்'.