பழைய லாண்ட் ரோவரில் நடு இருக்கையை எடுத்துவிட்டுப் பூட்டுப் பெட்டி வைக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 1974ஆம் ஆண்டு லாண்ட் ரோவர் சீரிஸ் 3 வைத்திருக்கிறேன். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 88 அங்குலம், கன்வஸ் கூடு. முன் இருக்கை மூன்றில் நடுவில் உள்ளதை எடுத்துவிட்டுப் பூட்டுகிற மாதிரி ஒரு பெட்டி வைக்க விருப்பம். எதைக் கவனிக்க வேண்டும்?

வைக்கலாம். கன்வஸ் கூடு போட்ட வண்டியில் கதவைப் பூட்டி என்ன, பூட்டாமல் என்ன? கூட்டின் வாரை அவிழ்த்துக் கையை விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். என்னுடையதும் 88தான். நல்லூர்க் கோயிலுக்குப் போய்ச் சேர்ட்டைக் கழற்றிவிட்டு வேட்டியோடு உள்ளே போகிறவன் போனையும் பேர்ஸையும் எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் பெட்டிப் பேச்சு தொடங்கியதே அதில்தான்.

இந்தப் பெட்டியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் பூட்டைத்தான் கேட்கிறார்கள். பெட்டி எதில் இறுகப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். நடு இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் கீழே ஒரு தட்டு இருக்கும், சுற்றிவரத் திருகாணி. அதைக் கழற்றினால் கியர்பெட்டியின் பின்பக்கமும், முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸும் கைக்கு எட்டும். ஒயில் ஒழுக்கு, லீவர் இணைப்பு என்று ஏதாவது வந்தால் மெக்கானிக் திறப்பது அந்தத் தட்டைத்தான். அதன்மேல் பெட்டியை ரிவெட் அடித்தோ வெல்டிங் வைத்தோ நிரந்தரமாக்கினால், அடுத்த முறை அவர் கிறைண்டரோடுதான் வருவார்.

தட்டிலேயே பெட்டியை இறுக்கினால் வேறு சிக்கல். கள்ளனுக்குப் பூட்டை உடைக்கிற வேலையே இல்லை. தட்டின் திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போவான். ஆகவே பெட்டியின் அடி, தட்டைவிட அகலமாக இருந்து அந்தத் திருகாணிகளை மூட வேண்டும். பெட்டியை இறுக்கும் நான்கு போல்ட்டும் பெட்டிக்கு உள்ளிருந்து கீழே இறங்க வேண்டும். சாவி போட்டு மூடியைத் திறந்தால்தான் போல்ட் தலை கண்ணில் படும். நீங்கள் கழற்றுவதென்றால் பத்து நிமிட வேலை, மற்றவனுக்கு வழி இல்லை.

கீழ்ப்பக்கம் இன்னொரு விஷயம். முன் இருக்கைகளைத் தாங்கி நிற்கும் வண்டியின் அடிப்பெட்டி மெல்லிய அலுமினியத் தகடு. வெறும் வாசர் வைத்து இறுக்கினால், கம்பி வைத்து நெம்பும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புப் பட்டி கொடுங்கள், இரண்டு அங்குல அகலம் போதும். நட்டுகளை அந்தப் பட்டியிலேயே வெல்டிங் வைத்துவிடச் சொல்லுங்கள். கொக்குவிலில் எனக்குச் செய்து தந்த பட்டறைக்காரர், நான் கேட்காமலே அப்படி வைத்துத் தந்தார். அதன் அருமை பெட்டியைக் கழற்றிப் பூட்டும்போது தெரியும்: வண்டிக்குக் கீழே படுத்து ஸ்பனர் பிடிக்க இன்னொரு ஆள் தேவையில்லை.

வெல்டிங் எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடியுங்கள், வண்டிக்குள் ஒரு தீப்பொறியும் வேண்டாம். இந்த வண்டியில் வலப்பக்க இருக்கைக்குக் கீழேதான் எரிபொருள் டாங்கி. சில வண்டிகளில் இடப்பக்கத்திலும் ஒன்று உண்டு. துளை போடுவதற்கு முன் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றி, கீழே என்ன இருக்கிறது என்று லைற் அடித்துப் பார்த்துவிட்டுத் துளையுங்கள்.

அளவெடுக்க டேப்பை நம்ப வேண்டாம். பழைய மட்டைப் பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, அதே அளவில் ஒரு பொய்ப் பெட்டி செய்து நடுவில் வையுங்கள். பிறகு வழக்கம்போல இருந்து எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். இரண்டும் நாலும் பின்னுக்கு வரும். சிவப்புக் குமிழ் வைத்த ட்ரான்ஸ்பர் பொக்ஸ் லீவரை லோவுக்கு (மெதுவாக, பலமாக இழுக்கும் கியருக்கு) பின்னே இழுக்கும்போது முழங்கை எங்கே போகிறது என்பதைக் குறிப்பாகப் பாருங்கள். மணற்காட்டு மணலில் புதைந்து நிற்கும்போது அந்த லீவர் பெட்டியில் முட்டினால் அழுகை வரும். பெட்டியின் உயரம் கை ஊன்றும் அளவுக்கு இருந்தால் தூரப் பயணத்தில் சுகம், ஆனால் கை சுகத்துக்காக லீவரின் இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

என்ன பொருளில் செய்வது? அமெரிக்காவில் டஃபி என்ற கொம்பனி ஜீப்புகளுக்கென்றே இரும்பில் இப்படிப் பெட்டிகள் செய்கிறது, 16 கேஜ் தகடு, கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீற்றர். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் இங்கே கட்டுபடியாகாது, அளவும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பிறகு வந்த லாண்ட் ரோவர் டிஃபென்டர்களில் முன் இருக்கைகளுக்கு நடுவே வரும் கப்பி பொக்ஸ் என்ற பெட்டி கிடைத்தால் சீரிஸில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாமான் வைக்க நல்லது, பூட்டு விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தெரிந்த ஒருவர் முதிரை மரத்தில் செய்து வைத்திருக்கிறார். வரவேற்பறையில் வைக்கலாம், அவ்வளவு வடிவு. ஆனால் மரத்தில் கீல் ஆணி ஒரு நெம்பலில் கழன்றுவிடும். என் தெரிவு இரண்டு மில்லிமீற்றர் இரும்புத் தகடுதான்.

மூடியின் விளிம்பு நான்கு பக்கமும் கீழே மடிந்து பெட்டியின் வாயை வெளியிலிருந்து மூட வேண்டும், பலகாரத் தகரத்தின் மூடி மாதிரி. அப்போது ஸ்குரூ டிரைவர் நுழைய இடுக்கு இருக்காது. கீலை உள்ளே வையுங்கள். வெளியே தெரிந்தால் அதன் ஊசியைத் தட்டி எடுத்துவிடலாம். பூட்டு, மேசை லாச்சிக்குப் போடும் சின்ன நாக்குப் பூட்டாக இருந்தாலும், நாக்கை நீளமாக்கி உள்ளே ஒரு கனத்த பட்டிக்குக் கீழே போய்ப் பிடிக்கச் செய்தால் வேலைக்கு ஆகும். இரண்டு பக்கம் பிடிக்கிற பூட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. வெளியே தொங்கும் ஆமைப் பூட்டு வேண்டாம். ‘உள்ளே ஏதோ இருக்கிறது’ என்று ஊருக்குச் சொல்லும், ஓடும்போது கிணுகிணு என்று சத்தமும் வரும். பூட்டுக்குள் ஒயில் விடாதீர்கள், மணலும் புழுதியும் அதில் ஒட்டிக்கொள்ளும். பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியில் தடவிப் போட்டால் போதும்.

இடப்பக்க இருக்கைக்குக் கீழே ஸ்பனர் வைக்கிற ரூல் பெட்டி இருக்கிறதே, அதற்கே ஒரு பூட்டுப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிற மாமியை ஒவ்வொரு முறையும் எழுப்ப வேண்டும்.

எங்கள் பக்கம் உப்புக் காற்று. பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பக்கமும் ஓடுகிற வண்டியில் இரும்புப் பெட்டி அலுமினியத்தில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால், ஈரம் பட்டதும் அலுமினியம்தான் அரிபடும். வெள்ளைப் பொடி பூத்து, தகடு ஓட்டையாகிவிடும். பெட்டிக்கு அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டுங்கள், போல்ட்டுக்கு நைலோன் வாசரும் கிறீஸும் போடுங்கள். சத்தமும் அடங்கும். பெட்டியின் அடியில் ஒரு சின்னத் துளையும் விடுங்கள், மாரியில் கன்வஸ் ஒழுகாது என்று சொல்ல நான் தயாரில்லை.

கியர்பெட்டிச் சூடு நேரே மேலே வரும். அடியில் ஒரு தடித்த போம் விரிப்பு போட்டாலும், மத்தியான வெயிலில் நிற்கும்போது பவர் பாங்க், லைற்றர் எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வண்டிப் பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியையும் பெட்டியில் வைக்க வேண்டாம், அது வீட்டு அலுமாரிக்குரியது. அந்தப் புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். நடு இருக்கையை எடுப்பதால் ஒன்று குறையும், காப்புறுதிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. எடுத்த இருக்கையை விற்றுவிடாதீர்கள், பிறகு வண்டியை வாங்க வருகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

போன் சார்ஜ் பண்ண உள்ளே ஒரு யூஎஸ்பி சொக்கெற் வைக்க நினைத்தால், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போட்டு வயரை இழுங்கள். 1974 வண்டி என்றபடியால் நெகற்றிவ் எர்த்தாகத்தான் (பற்றரியின் நெகற்றிவ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்ததாக) வந்திருக்கும், ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கிறதோ, மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள்.